அம்மாவின் சேலைகளைப் போர்வையாகத் தைக்கப்போனபோது

அம்மாவின் சேலை, அப்பாவின் வேட்டி என்று அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் குயில்ட் போர்வை தைக்க நினைத்தால், கத்தரிக்கோலை எடுக்க முன்னர் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்கு இந்த வேலையில் 55,000 ரூபாவுக்கு மேல் போனது. காசை மறுபடி உழைக்கலாம். அம்மாவின் சேலைகளில் தைத்த இரண்டு போர்வைகள் திரும்பி வரவே இல்லை, அதுதான் இன்றைக்கும் நெஞ்சை அரிக்கிறது. தொடங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

அம்மா காலமாகி ஆட்டைத் திவசம் வர இன்னும் சில மாதங்கள் இருந்த நேரம் அது. அக்கா ரொறன்ரோவில், தம்பி லண்டனில், யாழ்ப்பாணத்தில் கொக்குவில் வீட்டில் நான் மட்டும். அம்மா ஆசிரியையாக இருந்தவர், அலுமாரி நிறைய நூல் சேலையும் வொயில் சேலையும். சும்மா யாருக்கும் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை, அப்படியே வைத்துப் பூச்சி அரிக்க விடவும் மனம் இல்லை. எங்கள் வீட்டுத் திவசங்களுக்கு வழமையாக முதியோர் இல்லத்தில் ஒரு நேரச் சாப்பாடு கொடுப்போம். இந்தமுறை சாப்பாட்டோடு மார்கழிக் குளிருக்குப் போர்வையும் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன். சகோதரங்கள் மூவருக்கும் மூன்று, இல்லத்துக்கு ஐந்து, மொத்தம் எட்டு. பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்த கை, அம்மாவின் சிங்கர் கால்மெஷின் வீட்டில் நிற்கிறது. சட்டை, தலையணை உறை எல்லாம் நானே தைப்பேன். ஆனால் குயில்ட் என்றால் மேலே துண்டுகள் பொருத்திய துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி, மூன்றையும் சேர்த்து ஊடுதையல் போட வேண்டும். அந்தக் கடைசி வேலையை எனக்குத் தெரிந்த தையற்காரர் எவரும் செய்ததில்லை. யூடியூப்பில் காட்டுகிறவர்கள் புதுத்துணி வாங்கித் தைக்கிறார்கள். முப்பது வருசம் உடுத்த வொயில் சேலையைப் பற்றியோ, எங்கள் கிணற்றுத் தண்ணியைப் பற்றியோ அவர்களிடம் பதில் இல்லை.

சேலை பிரிக்கிற வேலையில்தான் கூடுதல் நேரம் போனது, அது வீணும் இல்லை. ஒவ்வொரு சேலையையும் யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பார்வைக்கு நல்லாக இருக்கும் சேலையில்கூட கொய்யகம் சொருகிய இடமும் காலடி பட்ட கீழ்க்கரையும் சல்லடையாகத் தெரியும். முந்தானைப் பக்கம்தான் உறுதி. கணக்குப் பார்த்தால் ஒரு சேலையில் ஆறரை அங்குலச் சதுரம் இருநூறு அளவில் எடுக்கலாம். நைந்த இடங்களைத் தள்ளினால் பாதி கிடைப்பதே பெரிய காரியம். நைலெக்ஸ், ஜோர்ஜெட் சேலைகளை நூல் சேலையோடு கலக்காதீர்கள். நூல் துணிக்குத் தேவையான சூட்டில் அயன் பண்ணினால் நைலெக்ஸ் உருகி ஒட்டிவிடும். மெல்லிய வொயிலுக்கு, வெட்ட முன்னரே பின்பக்கம் சூட்டில் ஒட்டும் மெல்லிய கன்வஸ் போட்டுவிட்டால் சதுரம் இழுபடாது. அம்மா 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கைப்பையில் வைத்துக் கொண்டுபோன ஊதாச் சேலை ஒன்று இருந்தது. அதை அக்காவின் போர்வைக்கு நடுவில் வருமாறு வெட்டினேன். வெட்டும்போது கை நடுங்கியது. முந்தானையில் ஒரு முழத்தையாவது வெட்டாமல் எடுத்து வைத்திருக்க யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லது என்று பிறகு எத்தனையோ இரவு யோசித்தேன். உங்களுக்கு நான் சொல்கிறேன்: எந்தச் சேலையானாலும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

சாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணியில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், சிலர் வினாகிரி என்பார்கள். கடையில் வாங்கிய துணியின் சாயத்தை இரண்டும் நிறுத்தாது. கழுவிக் கழுவிக் கூடுதல் சாயத்தை வெளியேற்றுவதுதான் நம்பகமான வழி. சிவப்பு, கடும்நீலம், மெரூன் மூன்றையும் தனித்தனியாகக் கழுவி, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியை மேலே அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறாத வரைக்கும் அது போர்வைக்குள் வரக்கூடாது. எங்கள் கிணறுகளில் சுண்ணாம்புத் தண்ணி, சவர்க்காரம் நுரைக்காது, சவர்க்காரக் கறை துணியிலேயே தங்கிவிடும். நான் கடைசி அலசலுக்கு மழைத்தண்ணி பிடித்து வைத்துப் பாவித்தேன், துணி மெத்தென்று வந்தது.

சதுரங்களைப் பொருத்தும்போது தையல் இடைவெளி சரியாகக் கால் அங்குலம் இருக்க வேண்டும். பன்னிரண்டு சதுரம் உள்ள ஒரு வரிசையில் ஒவ்வொரு தையலுக்கும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடப் பிடித்தாலே வரிசை ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். பிறகு பக்கத்து வரிசையோடு மூலைகள் பொருந்தாது. ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மெஷின் தகட்டில் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டிவிட்டால் கவலை இல்லை. மெல்லிய துணிக்கு 11ம் நம்பர் ஊசி போதும்.

பின்துணிக்காக நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். நூறு வீதம் கொட்டன் என்று சொல்லி, வெள்ளையில் சின்னப் பூப் போட்ட துணியை 21,000 ரூபாவுக்குத் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினேன். காயப்போட்டால் நூல் துணிக்கு நம்பமுடியாத கெதியில் காய்ந்தது, ஒரு சுருக்கமும் விழவில்லை. அப்போதே மனம் சொன்னது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டிச் சாமணத்தால் பிடித்துக் கொளுத்தினேன். சுத்தமான நூல் என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் தொட்டவுடன் உதிரும். இது சுருண்டு சுருண்டு உருகிக் கரும்புகை விட்டது. ஆறின பிறகு நுனியில் கறுப்பாக ஒரு கட்டி, நகத்தால் நசித்தாலும் உடையாது. முழுக்க முழுக்கப் பொலியெஸ்டர். பற்றுச்சீட்டோடு போனால், "வெட்டின துணி திருப்பி எடுக்கமாட்டம் அக்கா" என்றார்கள். சீட்டில் "துணி" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இப்போது நான் எந்தக் கடையிலும் முதலில் கால் மீற்றர்தான் வாங்குவேன். வீட்டில் கழுவி, கொளுத்திப் பார்த்து, சரி என்றால் மிச்சத்துக்குப் போவேன். சீட்டில் "100 வீதம் கொட்டன்" என்று எழுதச் சொல்வேன். எழுத மறுக்கிற கடையில் வாங்குவதில்லை.

பஞ்சு அடுத்த பிரச்சினை. தலையணைக்கு அடைக்கிற உதிரிப் பஞ்சும் ஸ்பொஞ்சும் எங்கும் இருக்கிறது. போர்வைக்குத் தாள்போல விரிக்கிற பஞ்சு நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. அந்த நேரம்தான் கொழும்புப் பக்கம் ஒரு தையல் வேலைத்தளத்தைப் பற்றித் தெரியவந்தது. பஞ்சும் தங்களுடையதாம், பெரிய மெஷினில் ஊடுதையலும் போட்டுத் தருவார்களாம். வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் எல்லாம் வடிவாக இருந்தன. எட்டு மேல்துணிகளையும் கூரியரில் அனுப்பினேன், அதற்கு வேறாக 4,500 ரூபா. முற்பணம் 30,000. எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் போன் கதை. மூன்று கிழமையில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள்.

மூன்று கிழமை இரண்டு மாதமானது. ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் கட்டாயம் அனுப்புறேன் அக்கா" என்ற பதில். பிறகு போன் எடுப்பதும் இல்லை. ரொறன்ரோவிலிருந்து அக்கா ஒவ்வொரு ஞாயிறும் "எப்பிடிப் போகுது, படம் எடுத்து அனுப்பன்" என்று கேட்பா. அவவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் நான் தனியே, பாதி வெறுமையான அலுமாரியைத் திறக்கவே பயம். சேலைகளை வெட்டாமல் வைத்திருந்தால் குறைந்தபட்சம் அம்மாவின் மணமாவது இருந்திருக்குமே என்று அழுத நாட்கள் உண்டு. திவசம் வந்தது, ஐயரும் வந்து போனார், இல்லத்துக்குச் சாப்பாடு மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைசியில் பார்சல் வந்தபோது எட்டில் ஆறுதான் இருந்தது. அக்காவுக்கென்று தைத்ததும், இல்லத்துக்கான ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "நாங்க வாங்கினது ஆறுதான்" என்றார்கள். வந்த ஆறும் பார்க்கிற நிலையில் இல்லை. தடித்த ஊசியால் அரை அங்குலத்துக்கு ஒரு வரி என்று நெருக்கி ஊடுதையல் போட்டிருந்தார்கள். புதுத் துணி என்றால் தாங்கியிருக்கும். பழைய வொயிலில் ஒவ்வொரு வரியும் ஊசித்துளை வரிசையாகி, மெல்ல இழுத்ததும் தபால் முத்திரைத்தாள் பிரிவதுபோல நேர்கோட்டில் பிரிந்தது. அம்மா பள்ளிக்கூடத்துக்கு உடுத்திப்போகும் பச்சைச் சேலையின் சதுரம் ஒன்று என் கையிலேயே இரண்டானது. உள்ளே விரிப்புப் பஞ்சும் இல்லை, தலையணை அடைக்கிற உதிரிப் பஞ்சைப் பரப்பியிருந்தார்கள். தடவிப் பார்த்தால் ஒரு மூலையில் கட்டி, இன்னொரு மூலையில் வெறுந்துணி.

இதற்கு என்ன செய்யலாம் என்று தேடித் திரிந்ததில் தெரிந்ததையும் சொல்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லலாம், எழுத்திலும் முறைப்பாடு கொடுக்கலாம். 2003ம் ஆண்டின் 9ம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி அல்லது சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். "அடுத்த வாரம்" என்று இழுக்கிறவர்களிடம் காத்திருக்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். துணிக்கடை விசயத்தில் எனக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. வேலைத்தளத்தின் விசயத்தில் எத்தனை துணி அனுப்பினேன் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கூரியர் சீட்டில் "உடுப்பு" என்றுதான் இருந்தது. பெறுமதியான எதையும் அனுப்ப முன்னர் எல்லாவற்றையும் தரையில் விரித்து, பக்கத்தில் அளவு நாடா வைத்துப் படம் எடுங்கள். எத்தனை, என்ன அளவு, என்ன ஊசி, எவ்வளவு இடைவெளியில் தையல், எந்தப் பஞ்சு, எப்போது முடியும், காசு எவ்வளவு என்று ஒரே செய்தியாக எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் வேறு ஒரு பழந்துணியில் ஒன்று செய்து பாருங்கள். நேரே கொண்டுபோய்க் கொடுக்க முடியாத தூரம் என்றால், திரும்பக் கிடைக்காத துணியை அனுப்பவே வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆறு போர்வைகளையும் மடித்து ஒரு மூலையில் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள் கறி கொண்டுவந்தவர் கண்டுவிட்டு, "பிள்ளை, உதுக்கு ஏன் பெரிய மெஷின்? பிரிச்சு எடு. நாலு பேர் இருந்தால் கையாலையே போடலாம்" என்றார். பிரித்தோம். தப்பிய சதுரங்களைக் கொண்டு நான்கு போர்வைகளுக்குத் துணி தேறியது. நடுவில் பஞ்சே வைக்கவில்லை. பழைய பருத்திப் பெட்சீட்டை ஒற்றையாக விரித்தோம். யாழ்ப்பாணத்துக் குளிருக்கு அது தாராளம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டே காந்தா என்ற போர்வை செய்கிறார்கள், அங்கேயும் நடுவில் பஞ்சு கிடையாது. மூன்று துணியையும் சீமெந்துத் தரையில் இழுத்து விரித்து, ஓரங்களை ரேப்பால் ஒட்டி, ஒரு கையகலத்துக்கு ஒரு ஊக்குக் குத்த வேண்டும். பிறகு தடித்த எம்பிராய்டரி நூலால், சதுரம் சந்திக்கும் மூலைகளில் குத்தி எடுத்து இரட்டை முடிச்சு. நைந்த சதுரங்களுக்கு மட்டும் நடுவில் நாலைந்து ஓட்டுத்தையல். முடிச்சுப் போட்டால் ஊசித்துளை வரிசையாக விழாது, அதனால் பழந்துணி நேர்கோட்டில் கிழியாது. பின்னேரங்களில் அன்ரியும் அவரின் மருமகளும் நானும் வாசலில் இருந்து தைத்தோம். அம்மாவைப் பற்றி எனக்கே தெரியாத கதைகளை அன்ரி சொன்னார். அந்த நாட்களில்தான் என் மனம் கொஞ்சம் ஆறியது.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கூரியர்காரர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரித்து வரும் எண்ணையும் பார்த்து, எது கூடவோ அதற்குத்தான் காசு. 40க்கு 35க்கு 30 பெட்டியில் இரண்டு கிலோப் போர்வை போனாலும் எட்டு கிலோவுக்கு மேல் கணக்கு வரும். காற்று உறிஞ்சி எடுக்கும் பொலித்தீன் பையில் போட்டு உயரத்தைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தால் மூன்றரைக்குள் அடங்கும். கனடாவுக்கு அன்பளிப்பாக அனுப்புவது 60 கனேடிய டொலர் பெறுமதிக்குள்ளும், பிரித்தானியாவுக்கு 39 பவுணுக்குள்ளும் இருந்தால் வாங்குகிறவரிடம் வரி கேட்கமாட்டார்கள். யார் யாருக்கு அனுப்புகிறார் என்பது தெரியும்படி அன்பளிப்பு என்று எழுதி, உள்ளே ஒரு வாழ்த்து மட்டையும் வையுங்கள்.

இல்லத்துக்குப் போர்வை கொண்டுபோனபோதுதான் அங்கே பொறுப்பாக இருக்கிறவர் மனம் திறந்து கதைத்தார். பெரிய போர்வை அவர்களுக்குச் சுமை. இரவில் நனைந்தால் உடனே கழுவ வேண்டும், ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த எதுவும் காயாது. முழங்காலுக்கு மேல் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்க 36க்கு 45 அங்குலம் அளவில் மெல்லிய போர்வைதான் நல்லது. பொத்தான், தொங்கும் நாடா எதுவும் வேண்டாம், விரல் சிக்கும். எங்கள் நான்கில் இரண்டை அந்த அளவுக்குக் குறைத்துக் கொடுத்தோம், மற்ற இரண்டும் அக்காவுக்கும் தம்பிக்கும் போயின. எந்த இல்லத்துக்கும் தைக்கத் தொடங்க முன்னர் போய்க் கேளுங்கள். பிறந்த பிள்ளைக்குக் கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று: ஒரு வயதுக்குள் தூங்கும்போது பிள்ளையின் மேல் தளர்வான போர்வை போடக்கூடாது, மூச்சு அடைக்கும். தரையில் விரித்து விளையாட விடக் கொடுங்கள்.

சதுரத்துக்குப் போதாத துண்டுகளில் சின்னச் சின்னச் சாமான்கள் தைக்கத் தொடங்கினேன். மூக்குக்கண்ணாடி உறை, கோயிலுக்குக் கொண்டுபோகும் துணிப்பை, அடுப்படியில் சட்டி இறக்கும் பிடிதுணி. பிடிதுணிக்குள் பொலியெஸ்டர் பஞ்சு வைக்காதீர்கள், சூட்டில் உருகிக் கை சுடும். பழைய துவாய் இரண்டு மடிப்பு வைத்தால் காணும். இல்லத்தில் எல்லாரும் ஆசையாகக் கேட்டது, நடக்கும்போது பிடித்துக்கொள்ளும் கம்பிச் சட்டத்தில் தொங்கவிடும் பை. ஒரு பையில் இரண்டு அறை, ஒன்றில் கண்ணாடி, மற்றதில் திருநீற்றுச் சிமிழும் குளிசையும். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடிப்பவர்களுக்கு எதையும் கையில் தூக்க முடியாது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. மழை தொடங்க முன்னர் இன்னும் பன்னிரண்டு பை கேட்டிருக்கிறார்கள். துணி இருக்கிறது, சட்டத்தில் வழுக்காமல் நிற்கக்கூடிய அகலமான நாடாதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.